“தாமதமாக வந்தீர்கள், ஆனாலும் வந்தீர்கள்”: ஜெர்மன் வரலாற்று நாடக வசனங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைப்பில் இருக்கும் வசனம் யாருடையது?

ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லருடையது. முப்பதாண்டுப் போரில் பேரரசரின் தளபதியாக இருந்த வாலென்ஸ்டைனைப் பற்றி, அவர் பெயரிலேயே உள்ள மூன்று பகுதி நாடகத்தில் இரண்டாவது பகுதியான ‘பிக்கொலோமினி’ இந்த வரியோடுதான் திறக்கிறது. ஜெர்மனில் ‘ஷ்பேட் கொம்ட் ஈர், டொஹ் ஈர் கொம்ட்’. பில்சன் நகர மண்டபத்தில் தளபதிகள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். இஸோலானி என்ற குதிரைப்படைத் தளபதி கடைசியில் வந்து சேர்கிறார். அவரைப் பார்த்துச் சக தளபதி சொல்வது இது. ‘தூரத்துப் பயணம், அதனால் மன்னிப்பு உண்டு’ என்று அடுத்த அடியிலேயே சமாதானமும் வருகிறது.

இன்று கல்யாணத்துக்கோ அலுவலகக் கூட்டத்துக்கோ அரை மணி நேரம் பிந்தி வருபவரை இதைச் சொல்லி வரவேற்பார்கள். இஸோலானி யார் என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது. நாடகத்திலிருந்து இறங்கி வசனம் தனியாக நடந்துபோய்விட்டது.

‘வரலாற்று நாடகம்’ என்றால் எவற்றைச் சொல்கிறீர்கள்?

உண்மையில் வாழ்ந்த மன்னர்கள், தளபதிகள், புரட்சிக்காரர்களை மேடையில் நிறுத்திய நாடகங்களை. காலக்கணக்கு ஏறக்குறைய 1770 முதல் 1850 வரை. கோத்தேயின் கோட்ஸ், எக்மொண்ட். ஷில்லரின் டான் கார்லோஸ், வாலென்ஸ்டைன், மரியா ஸ்டுவார்ட். க்ளைஸ்டின் ஹோம்பர்க் இளவரசன். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பம் பற்றிய க்ரில்பார்ட்சரின் நாடகங்கள். ப்யூஷ்னரின் டாண்டனின் மரணம். ஸ்விட்சர்லாந்துக் கதைகளின் வில்வீரர் வில்ஹெல்ம் டெல் உண்மையில் வாழ்ந்தாரா என்பது சந்தேகம்தான், இருந்தாலும் அவரைப் பற்றிய ஷில்லரின் நாடகத்தை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. லெசிங்கின் ‘ஞானி நாத்தான்’ சிலுவைப் போர்க்கால ஜெருசலேமில் நடப்பது. சுல்தான் சலாவுதீன் அதில் ஒரு பாத்திரம். எனவே அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மேற்கோள் என்று எடுத்தாலே ஷில்லர்தான் வருகிறார். ஏன்?

திறமை ஒரு காரணம். ஒரே அடியில் முடிந்துவிடும் வசனம் எழுத அவருக்குக் கைவந்தது. அந்த அடி தாளத்தோடு இருக்கும், நாக்கில் நிற்கும்.

இன்னொரு காரணம் காசு. 1867 நவம்பரில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன எழுத்தாளர்களின் பதிப்புரிமை ஜெர்மன் நாடுகளில் காலாவதியானது. லைப்சிக்கில் ரெக்லாம் பதிப்பகம் உடனே சின்னச் சின்ன மலிவுப் பதிப்புகளைக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடங்களில் ஷில்லர் கட்டாயப் பாடம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ரெக்லாமின் மஞ்சள் அட்டைப் புத்தகம் இன்றும் மாணவர் பையில் இருக்கிறது.

அதற்கு முன்பே, 1864-ல், பெர்லின் பள்ளி ஆசிரியர் கியோர்க் ப்யூஷ்மான் ஜனங்கள் வாயில் புழங்கும் மேற்கோள்களைத் திரட்டி ‘சிறகுள்ள சொற்கள்’ என்று ஒரு நூல் போட்டார். அதற்கப்புறம் நாடகமே படிக்காமல் வசனம் மட்டும் தெரிந்துகொள்ள வழி பிறந்தது. நல்லதா கெட்டதா என்றால், இரண்டும்தான்.

எல்லாவற்றிலும் பெரிய வசனம் எது?

பெரும்பாலோர் கைகாட்டுவது டான் கார்லோஸில் மார்க்விஸ் போஸா ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பிடம் சொல்வதை: “சிந்தனைச் சுதந்திரம் கொடுங்கள்.” ‘கேபன் ஸீ கெடாங்கன்ஃப்ரைஹைட்.’ அதற்கு முன்னால் வருவது: இந்தக் கையின் ஒரு பேனாக் கீற்றுப் போதும், பூமி புதிதாகப் படைக்கப்பட்டுவிடும்.

தனியாகப் படித்தால் மேடையில் நின்று முழங்கும் வரி மாதிரி இருக்கிறது. காட்சியில் அப்படியில்லை. நெதர்லாந்தை இரும்புக்கையால் அடக்கி வைத்திருக்கும் மன்னர், இதுவரை தன்னிடம் எதுவும் கேட்டு வராத ஒரே பிரபுவை ஆர்வத்தில் கூப்பிட்டு அனுப்புகிறார். அறையில் இருவர் மட்டுமே. கேட்டதற்கு மன்னர் சொல்லும் பதில் இரண்டே சொல்: “விசித்திரமான கனவுக்காரர்!” அவருக்குக் கோபமும் வரவில்லை, மனமும் மாறவில்லை. ஆளைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். காட்சி முடிவதற்குள் சுதந்திரப் பேச்சு ஓரமாகப் போய்விடுகிறது. மகன் கார்லோஸையும் ராணியையும் நெருங்கி அவர்கள் மனத்தை அறிந்து வரும் வேலையைப் போஸாவின் தலையில் கட்டுகிறார் மன்னர். ‘இனி இவரை முன்னறிவிப்பில்லாமல் உள்ளே விடுங்கள்’ என்று உத்தரவு. சுதந்திரம் கேட்கப் போனவர் மன்னரின் ஒற்றராக வெளியே வருகிறார். எனக்கு இந்தக் காட்சியில் பிடித்தது அந்த உத்தரவுதான். அதை யாரும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை.

எழுதியவர் அனுபவித்து எழுதியது. வ்யூர்ட்டெம்பெர்க் பிரபு கார்ல் ஆய்கன் ‘இனி நாடகம் எழுதக் கூடாது’ என்று தடுத்ததால்தான் 1782-ல் ஷில்லர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து இரவோடு இரவாக ஓடினார். ஐந்து ஆண்டு கழித்து, 1787-ல், டான் கார்லோஸ் ஹாம்பர்க்கில் அரங்கேறியது.

ஹிட்லர் ஆட்சியில் இந்த வரி வந்ததும் அரங்கில் கைதட்டல் எழுந்தது உண்மை. 1937-ல் பெர்லினின் டாய்ச்செஸ் தியேட்டரில் நடந்தது அடிக்கடி பேசப்படும். கைதட்டியவரை என்ன சொல்லிப் பிடிப்பது? ஷில்லர் ஆட்சியாளர்களே கொண்டாடிய தேசியக் கவிஞர் ஆயிற்றே!

‘அரன்ஹுவெஸின் இனிய நாட்கள் முடிந்துவிட்டன’ என்பதும் அதே நாடகமா?

அதே நாடகம், முதல் வரி. அரன்ஹுவெஸ் ஸ்பெயின் அரச குடும்பத்தின் கோடை மாளிகை. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர் பெருமூச்சோடு சொல்வதற்கு இது பயன்படுகிறது.

நாடகத்தில் சொல்பவர் மன்னரின் பாவமன்னிப்புப் பாதிரியார் டொமிங்கோ. அக்கறையாகக் கேட்பது மாதிரி இளவரசனின் வாயைக் கிளறுகிறார், கிளறியதை மன்னரிடம் கொண்டுபோவதற்காக. எனவே அலுவலகத்தில் யாராவது இதைச் சொன்னால் கொஞ்சம் உஷாராகவே இருக்கலாம்.

பொருள் தலைகீழாகிப்போன வசனம் ஏதாவது?

“இதில்தான் என் பாப்பன்ஹைமர்களை அடையாளம் காண்கிறேன்.” வாலென்ஸ்டைனின் மரணம், மூன்றாம் அங்கம். இன்றைய பேச்சில் ‘எனக்கு என் பாப்பன்ஹைமர்களைத் தெரியும்’ என்றால், ‘இந்தப் பயல்களின் லட்சணம் தெரியாதா!’ என்று பொருள். வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் பிள்ளைகளைப் பார்த்து ஆசிரியர் சொல்வது.

நாடகத்தில் அது மனமாரச் சொன்ன பாராட்டு. பாப்பன்ஹைம் பிரபுவின் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துக் கவச வீரர்கள் வாலென்ஸ்டைனிடம் வருகிறார்கள். அவர் பேரரசருக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று கடிதம் வந்திருக்கிறது. மற்றப் படைகள் கேள்வி கேட்காமல் விலகிவிட்டன. இவர்கள் மட்டும், ‘உங்கள் வாயால் கேட்காமல் நம்ப மாட்டோம்’ என்று நேரில் வந்து நிற்கிறார்கள். அந்த நேர்மைக்குத்தான் அந்த வரி.

அதற்கப்புறம் நடப்பதைப் பாருங்கள். அவர் பேசப் பேச வீரர்கள் இளகுகிறார்கள். கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து பட்லர் என்ற அதிகாரி உள்ளே நுழைந்து, வாலென்ஸ்டைனின் மைத்துனர் படைகள் கொடிகளிலிருந்து பேரரசரின் கழுகைக் கிழித்துவிட்டு அவருடைய சின்னத்தைப் பொருத்துகின்றன என்கிறார். பத்துப் பேரின் தலைவன் விவாதிக்கவில்லை. “வலப்பக்கம் திரும்பு!” என்று கட்டளையிடுகிறான். போய்விடுகிறார்கள். ஒரு பேரரசையே ஆட்டிப்படைத்த தளபதியின் கதை அந்த ஒரு கவாத்துச் சொல்லில் முடிகிறது.

‘மூர் தன் கடமையைச் செய்துவிட்டான், மூர் போகலாம்’: சரியான வடிவம் இதுதானா?

இல்லை. ஷில்லர் எழுதியது ‘கடமை’ அல்ல, ‘வேலை’. (மூர் என்பது வட ஆப்பிரிக்கர்களுக்கு ஐரோப்பியர் வைத்த பழைய பெயர்.) ஜெனோவாவில் ஃபியஸ்கோவின் சதி, 1783. ஜனங்கள் சொல்லிச் சொல்லி மாற்றிவிட்டார்கள். நம் பேச்சில் ‘கறிவேப்பிலை மாதிரி பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிந்தார்கள்’ என்போமே, ஏறக்குறைய அதே இடத்தில் இதைப் பயன்படுத்துவார்கள்.

பலரும் இதை எஜமானன் சொன்னதாக நினைக்கிறார்கள். சொல்பவன் முலேய் ஹஸன் என்ற அந்த வேலைக்காரனே. வெளியேறும்போது கசப்போடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறான். மூர் என்ற சொல்லை இன்று கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லாகப் பலர் பார்ப்பதால் இந்த மேற்கோள் புழக்கத்தில் குறைந்து வருகிறது.

கோத்தே ஒரு கெட்ட வார்த்தை எழுதினாராமே?

எழுதினார். கோட்ஸ் ஃபான் பெர்லிஷிங்கன், 1773. கோத்தேவுக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. பேரரசரின் படை கோட்டையை முற்றுகையிட்டிருக்கிறது; சரணடையச் சொல்லிக் கீழே தூதன் நிற்கிறான். ஜன்னலில் நின்று கோட்ஸ் சொல்கிறார்: பேரரசர் மீது எனக்கு எப்போதும் உரிய மரியாதை உண்டு. உங்கள் கேப்டனிடம் மட்டும் போய்ச் சொல், அவன் என்னுடைய —. பழைய பதிப்புகளைப் போலவே நானும் கோடு போட்டுவிடுகிறேன். நக்கச் சொல்கிறார், எங்கே என்பது கோட்டுக்குள் இருக்கிறது. சொன்ன கையோடு ஜன்னலை அறைந்து சாத்துகிறார்.

எனக்கு ரசனையாகப் படுவது அந்த முதல் பாதி. பேரரசருக்கு மரியாதை, கேப்டனுக்கு வசை. நிலப்பிரபு காலத்து வீரனின் மொத்த அரசியலும் அதில் அடக்கம்: தலைவருக்குக் கட்டுப்படுவேன், நடுவில் நிற்கும் அதிகாரிக்கு இல்லை.

வசையைக் கோத்தே இட்டுக்கட்டவும் இல்லை. 1504-ல் லாண்ட்ஸ்ஹூட் முற்றுகையில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட நிஜ கோட்ஸ், முதுமையில் தன் வரலாற்றை எழுதி வைத்திருந்தார். அதில் க்ராவுட்ஹைம் கோட்டை அதிகாரியைப் பார்த்து ஏறக்குறைய இதையே கத்தியதாக அவரே சொல்கிறார். இன்று ஜெர்மனில் ‘கோட்ஸ் மேற்கோள்’ என்றாலே போதும், வாயைக் கெடுத்துக்கொள்ளாமல் திட்டிவிடலாம்.

வில்ஹெல்ம் டெல்லில் பழமொழி மாதிரி நிறைய வரிகள் இருக்கின்றனவே?

அள்ளலாம். “வீட்டில் கோடரி இருந்தால் தச்சன் தேவையில்லை”, “ஆசானாக வேண்டியவன் சின்ன வயதிலேயே பழகுவான்” இரண்டும் மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில், சில அடிகள் இடைவெளியில் வருகின்றன. டெல் வாசற்கதவைச் சரிசெய்கிறார், பையன்கள் வில்லோடு விளையாடுகிறார்கள், மனைவிக்குப் பயம். சாதாரண வீட்டுக் காட்சி. அங்கிருந்து கிளம்பிப் போகும் இடத்தில்தான் அந்த மகன் தலையில் ஆப்பிளை வைத்து அம்பெய்ய வேண்டி வருகிறது.

“பொல்லாத அண்டைவீட்டான் மனம் வைக்காவிட்டால் எவ்வளவு சாதுவும் நிம்மதியாக வாழ முடியாது” என்ற வரி வேலித் தகராறு, நாய் குரைப்பு வழக்குச் செய்திகளில் தவறாமல் வரும். டெல் அதைச் சொல்லும்போது கையில் வில். அந்த ஆப்பிளை எய்யவைத்த ஆளுநர் கெஸ்லரைக் கொல்ல மலைப்பாதையில் காத்திருக்கிறார்; வழியில் வந்த காவல்காரன் ஒருவன் பேச்சுக் கொடுக்கிறான்; அவனுக்குச் சொன்ன பதில் அது. “இந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் அவன் வந்தாக வேண்டும்” என்பதும் அதே காட்சியில் வருவதுதான். இன்று அதைப் பேருந்துக்குக் காத்திருப்பவர் சொல்கிறார்.

ஷில்லர் ஸ்விட்சர்லாந்தில் கால் வைத்ததே இல்லை. அப்படியும் 1804-ல் வந்த இந்த நாடகம் அந்த நாட்டின் தேசிய நாடகம் மாதிரி ஆகிவிட்டது. நாஜிகளும் முதலில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். கொடுங்கோலனைக் குறிவைத்துக் கொல்பவன் கதை என்பது பிற்பாடு உறைத்ததோ என்னவோ, 1941 ஜூன் 3-ல் ஹிட்லர் பெயரில் உத்தரவு வந்தது: இனி மேடையிலும் கூடாது, பள்ளியிலும் கூடாது.

உங்களுக்குப் பிடித்த வசனம் எது?

மூன்று சொல்கிறேன். மூன்றும் கடைசி வரிகள். மூன்றிலும் கவிதை என்று சொல்ல எதுவும் இல்லை.

மரியா ஸ்டுவார்ட், 1800. இங்கிலாந்தில் சிறையிருந்த ஸ்காட்லாந்து அரசி மரியாவின் தலை விழுந்துவிட்டது. இங்கிலாந்தின் எலிசபெத் ராணி பழியைச் செயலாளர் தலையில் போட்டாயிற்று. முதிய ஆலோசகர் ஷ்ரூஸ்பரி விடைபெற்றுப் போய்விட்டார். மிஞ்சியிருப்பது ராணியின் காதலர் லெஸ்டர் பிரபு மட்டும்தான். கூப்பிட்டு அனுப்புகிறாள். கென்ட் பிரபு வந்து சொல்கிறார்: “பிரபு மன்னிக்கச் சொன்னார். கப்பலேறி பிரான்ஸுக்குப் போய்விட்டார்.” ராணி தன்னை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். திரை. ‘மன்னிக்கச் சொன்னார்’ என்பது விருந்துக்கு வர முடியாதவர் ஆள் விட்டுச் சொல்லும் உபசார வார்த்தை. அதை அந்த இடத்தில் வைத்ததுதான் ஷில்லரின் வேலைப்பாடு.

வாலென்ஸ்டைன், 1799. ஈகர் கோட்டையில் வாலென்ஸ்டைன் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சற்று முன்புதான், “நீண்ட தூக்கம் போடப் போகிறேன், சீக்கிரம் எழுப்பிவிடாதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அவரைக் காட்டிக்கொடுத்த நண்பர் ஒக்டாவியோ பிக்கொலோமினி வந்து நிற்கிறார். அவருடைய ஒரே மகன் மாக்ஸும் போரில் செத்துவிட்டான். பேரரசரிடமிருந்து கடிதம் வருகிறது. கோட்டைத் தலைவர் கோர்டன் மேலே எழுதியிருப்பதைப் படித்து, பழிக்கும் பார்வையோடு நீட்டுகிறார்: “இளவரசர் பிக்கொலோமினிக்கு.” ஒக்டாவியோ அதிர்ந்து வானத்தைப் பார்க்கிறார். முடிந்தது. அதுவரை அவர் வெறும் கவுண்ட். துரோகத்துக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது, அதை அனுபவிக்க வாரிசு இல்லை. ஓர் உறையின் முகவரி, அவ்வளவுதான் வசனம்.

டாண்டனின் மரணம், 1835. பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் டாண்டனின் முடிவைப் பற்றி இருபத்தொரு வயது கியோர்க் ப்யூஷ்னர், போலீஸ் எப்போது வருமோ என்ற பயத்தில் சில வாரங்களில் எழுதி முடித்தது. பொதுவாக மேற்கோள் காட்டப்படுவது “புரட்சி சனித்தேவன் மாதிரி, தன் பிள்ளைகளையே தின்கிறது” என்ற வரி. (இந்தச் சனி ரோமானியப் புராணத்தின் சாட்டர்ன்.) அது வெர்னியோ என்ற புரட்சிக்காலப் பேச்சாளருடையது. ப்யூஷ்னர் எடுத்துக் கையாண்டார். கடைசிக் காட்சி அவருடையது. டாண்டனின் கூட்டாளி கமீய் தெமூலானின் தலை போய்விட்டது. அவர் மனைவி லூசில் கில்லட்டின் படியில் உட்கார்ந்திருக்கிறாள். ரோந்துப் படை வருகிறது. “யார் அங்கே?” கொஞ்சம் யோசித்து, முடிவெடுத்தவள் போலத் திடீரென்று சொல்கிறாள்: “மன்னர் வாழ்க!” அவளுக்கு மன்னர் மேல் பிரியம் ஒன்றுமில்லை. கணவன் போன இடத்துக்குப் போக அது ஒன்றுதான் வழி. பதில் வருகிறது: “குடியரசின் பெயரால்!” சூழ்ந்துகொண்டு கூட்டிப் போகிறார்கள்.

இவர்கள் உண்மையிலேயே இப்படியெல்லாம் பேசினார்களா?

கோட்ஸைத் தவிர அநேகமாக இல்லை. போஸா முழுக்கக் கற்பனை. மரியாவும் எலிசபெத்தும் வாழ்நாளில் நேருக்கு நேர் சந்தித்ததே கிடையாது. நாடகத்தின் உச்சமே அவர்கள் சந்திப்புதான். லெஸ்டர் பிரான்ஸுக்கு ஓடவில்லை, 1588-ல் இங்கிலாந்திலேயே இறந்தார். மாக்ஸ் என்ற மகன் கிடையாது; பிக்கொலோமினி இளவரசரானதும் கொலை நடந்து பதினாறு ஆண்டு கழித்து, 1650-ல். லூசில் 1794 ஏப்ரல் 13-ல் கில்லட்டினில் இறந்தது உண்மை, ஆனால் சதிக் குற்றச்சாட்டில்.

ஆஸ்திரியாக்காரர்கள்?

க்ரில்பார்ட்சர். ஹாப்ஸ்பர்க் குடும்பத்தைப் பற்றி அந்தக் குடும்பத்து ஆளையே பேசவைத்து அவர் எழுதியது: “பாதி வழியில், பாதிச் செயலுக்கு, பாதிக் கருவிகளோடு, தயங்கித் தயங்கி.” ஆஸ்திரிய அரசியல் கட்டுரையாளர்களுக்கு இது சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி. இவருடைய ஓட்டோகர் நாடகத்தைத் தணிக்கைக்காரர்கள் இரண்டு ஆண்டு முடக்கிவைத்தார்கள். பிற்பாடு ஒரு தணிக்கை அதிகாரியைச் சந்தித்தபோது ‘அதில் அப்படி என்னதான் ஆபத்து?’ என்று கேட்டாராம். ‘ஒன்றுமே இல்லை. இருந்தாலும், யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்’ என்றாராம் அதிகாரி. தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். நாடகத்தில் இருக்கும் எந்த வசனத்துக்கும் இது குறைந்ததில்லை.

தமிழில் கொண்டுவர முடியாத வரி எது?

நாத்தானில் வரும் ‘கைன் மென்ஷ் முஸ் ம்யூஸன்’. நாலே சொல். ‘வேண்டும்’ என்ற கட்டாயத்தைக் குறிக்கும் வினை இருமுறை வருகிறது. நான் செய்து பார்த்தது: “எந்த மனிதனும் செய்தே தீரவேண்டும் என்று இருந்தே தீரவேண்டியதில்லை.” பொருள் வந்துவிட்டது, நீளம் மூன்று மடங்காகிவிட்டது.

அதே நாடகத்தில் இன்னொரு வரிக்கு மொழிபெயர்ப்புச் சிக்கலே இல்லை. கிறிஸ்தவக் குழந்தையை ஒரு யூதன் எடுத்து வளர்த்தால் என்ன தண்டனை என்று ஒரு வீரன் பேராயரிடம் கேட்கிறான். அநாதைக் குழந்தை, அன்பாக வளர்த்தான், நன்றாக வளர்த்தான் என்று அவன் எத்தனை சொன்னாலும் பதில் ஒன்றுதான்: “பரவாயில்லை, யூதன் எரிக்கப்படுவான்.” மூன்று தடவை. 1779-ல் அச்சான வரி. நாஜி ஆட்சியில் பொது அரங்குகளில் இந்த நாடகத்துக்கு இடம் கிடையாது. 1945 செப்டம்பர் 7-ல், இடிபாடுகளுக்கு நடுவே டாய்ச்செஸ் தியேட்டர் மறுபடி திறந்தபோது போட்டது இதைத்தான். நாத்தானாகப் பவுல் வேகனர் நடித்தார்.

எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

டான் கார்லோஸ் வேண்டாம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள், நடுவில் சதிக்குள் சதி. முதல் முறை படித்தபோது யார் கடிதம் யாரிடம் போனது என்று நான் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மரியா ஸ்டுவார்ட் எடுங்கள். அவசரமென்றால் நேரே மூன்றாம் அங்கத்துக்குப் போய்விடலாம். சிறையிலிருந்து பூங்காவுக்கு வர அனுமதி கிடைத்த மரியா, பிரான்ஸ் பக்கம் போகும் மேகங்களைக் கூப்பிட்டுத் தன் இளமை நாட்டுக்கு வணக்கம் சொல்லி அனுப்புகிறாள். மேகத்தைத் தூது விடுவது நமக்குப் பழக்கமான சங்கதி என்பதால் அந்த இடம் தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும். சில பக்கங்களில் எலிசபெத் வந்துவிடுவாள். கெஞ்ச வந்த மரியா, அவமானம் தாங்காமல் கடைசியில் வெடிப்பாள்: நியாயம் ஆட்சி செய்தால் இப்போது என் முன்னால் புழுதியில் கிடப்பது நீர்தான், ஏனென்றால் “நான் உமது அரசன்.” அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அரசி இல்லை, அரசன்.